எந்தப் போர் விமானத்தை வாங்குவது? கிபிர் தெரிந்த ஊரிலிருந்து ஒரு பதில்

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ரஃபேல், எஃப்-35, கிரிப்பன், சுகோய்-57, ஜே-10சி இவற்றில் எது திறம்? இன்றைக்கு ஒரு விமானப்படை எதை வாங்க வேண்டும்? இலங்கை தன் பழைய கிபிர் போர் விமானங்களைக் கழித்துவிட்டு ஒன்றை வாங்குவதென்றால் எதை வாங்கலாம்?"

தம்பி, முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் எந்த நாட்டினுடையது, உதிரிப்பாகம் யாருடைய கையில் இருக்கிறது, வருடத்துக்கு எத்தனை மணிநேரம் பறக்கவிடக் காசு இருக்கிறது என்ற மூன்றையும் கேட்காமல் எது திறம் என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. வேகம், ஏவுகணையின் தூரம், றேடாரில் அகப்படாத உடம்பு எல்லாம் முக்கியம்தான். ஆனால் அவை விமானம் ஓடுபாதையை விட்டுக் கிளம்பிய பிறகு வருகிற விஷயங்கள். கிளம்புவதே பெரும்பாடாக இருக்கிற விமானப்படைகள் நிறைய உண்டு. நான் விமானப்படையில் இருந்தவன் இல்லை. வளைகுடாவில் பயணிகள் விமானங்களின் பராமரிப்புப் பகுதியில் வேலை செய்து, ஓய்வு பெற்று ஊரோடு வந்திருக்கிறவன். போர் விமானங்களைப் பற்றி வாசிப்பது சின்ன வயதிலிருந்தே இருக்கிற பழக்கம். பராமரிப்பு வேலைக்குப் போன பிறகுதான் அந்த வாசிப்பில் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தது.

எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயரிலிருந்தே தொடங்குவோம். கிபிர் பிறந்த கதையிலேயே உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இருக்கிறது. 1960களில் இஸ்ரேல் 50 மிராஜ்-5 விமானங்களுக்குப் பிரான்ஸிடம் காசு கட்டிவிட்டுக் காத்திருந்தது. 1967 போரோடு பிரான்ஸ் ஜனாதிபதி டி கோல் ஆயுதத் தடை போட்டார். காசு கட்டிய விமானங்கள் பிரான்ஸிலேயே நின்றுவிட்டன. இஸ்ரேல் சும்மா இருக்கவில்லை. மிராஜ் எஞ்சினின் வரைபடங்களைச் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் ஒருவர் கள்ளமாக எடுத்துக் கொடுத்து, பிடிபட்டு, மறியலுக்குப் போனார். கடைசியில், மிராஜின் உடம்புக்குள் அமெரிக்க பான்டம் விமானத்தில் இருந்த ஜே79 எஞ்சினைப் பொருத்தி இஸ்ரேல் செய்ததுதான் கிபிர். 1975 இல் சேவைக்கு வந்தது.

சரி, பிரான்ஸின் பிடியிலிருந்து தப்பியாயிற்று. ஆனால் எஞ்சின் அமெரிக்காவினுடையது. 1977 இல் எக்குவடோருக்கு 24 கிபிர்களை விற்க இஸ்ரேல் முயன்றபோது, எஞ்சினைக் காரணம் காட்டி கார்ட்டர் அரசு மறித்துவிட்டது. ஒரு நாடு செய்த விமானத்தை இன்னொரு நாடு வாங்க மூன்றாவது நாட்டின் சம்மதம் வேண்டும். அந்த விமானம்தான் 1996 இல் இலங்கை விமானப்படைக்காகக் கட்டுநாயக்கவில் வந்து இறங்கியது. அதற்குப் பிறகு நடந்தது வன்னியில் இருந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2021 ஜூனில், எஞ்சியிருந்தவற்றில் ஐந்து கிபிர்களைப் புதுப்பிக்க சுமார் 50 மில்லியன் டொலருக்கு இஸ்ரேல் நிறுவனத்தோடு ஒப்பந்தமானது. பத்து மாதம் கழித்து, 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்தது. இரண்டு செய்திகளையும் சேர்த்து வாசியுங்கள்.

உதிரிப்பாகம் என்ற சொல்லைச் சும்மா சொல்லிக்கொண்டு போனால் அதன் பாரம் விளங்காது. எஞ்சினைப் பிரிக்காமலே உள்ளே பார்க்க போரஸ்கோப் என்று ஒரு கருவி இருக்கிறது. விரல் தடிப்புக்கும் குறைந்த குழாய், நுனியில் கமரா. எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கிற சின்னத் துளையால் அதை உள்ளே விடுவோம். ஒருவர் சுழலியை மெதுவாகச் சுற்றிக் கொடுக்க, மற்றவர் திரையில் தகடு தகடாகப் பார்ப்பார். ஒரு தகட்டின் ஓரத்தில் நகம் பட்டதுபோல ஒரு வெட்டுத் தெரியும். உடனே கையேட்டைத் திறக்க வேண்டும். இந்த வரிசைத் தகட்டில், இந்த இடத்தில், இத்தனை மில்லிமீற்றர் ஆழம் வரை விடலாம், அதற்கு மேலே போனால் எஞ்சினை இறக்க வேண்டும் என்று அதில் இருக்கும். இறக்கினால் புதுத் தகடு வேண்டும். அது பெட்டியில் வரும்போது கூடவே ஒரு சான்றுத்தாள் வர வேண்டும்: யார் செய்தது, எந்தத் தொகுதி, யார் சோதித்துக் கையெழுத்து வைத்தது என்று. தாள் இல்லையென்றால் தகடு பளபளவென்று புதிதாக இருந்தாலும் பூட்ட முடியாது. அந்த ஒரு தாளுக்காக நாள்கணக்கில் நின்ற விமானங்களை நான் பார்த்திருக்கிறேன். அது பயணிகள் விமானம். யாரும் அரசியல் காரணத்துக்காகத் தகட்டை மறிக்கவில்லை. போர் விமானத்தில் அதே தாளில் கையெழுத்து வைப்பதா வேண்டாமா என்பதை ஒரு வெளிநாட்டு அரசு முடிவு செய்யும்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை ஏற்கக் கொஞ்சம் கஷ்டம். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஓட்டிய ஊர் இது. சாமான் இல்லையென்றால் லேத்தில் கடைந்து போட்டார்கள். அந்தத் துணிவில், ஒருமுறை வாங்கிவிட்டால் எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று எங்களுக்குத் தோன்றும். போர் விமானத்தில் அது நடக்காது. நவீன எஞ்சினின் சுழலித் தகடு, தான் உருகும் வெப்பத்தையும் தாண்டிய வாயுவுக்குள் நின்று சுற்றுகிறது. அதற்காக ஒற்றைப் படிகமாக வார்த்து, உள்ளே காற்றோட நுண்ணிய துளைகள் விட்டிருப்பார்கள். இதைச் செய்யத் தெரிந்த நாடுகளை விரல்விட்டு எண்ணலாம். அதோடு, விமானத்தை இயக்குகிற மென்பொருள் பூட்டியபடிதான் வரும்.

இதனால் பட்டவர்கள் பலர். மலேசியா 2003 இல் 18 சுகோய்-30 களுக்கு ரஷ்யாவோடு ஒப்பந்தம் செய்தது. பார்க்க அழகான, வலிமையான விமானம். 2018 இல் அந்த நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழும்பி, அவற்றில் நான்குதான் பறக்கக்கூடியவை, மிச்சம் திருத்தத்தில் நிற்கின்றன என்று சொன்னார். ஈரான், ஷா காலத்தில் 80 எஃப்-14 களுக்குக் காசு கொடுத்து 79 ஐப் பெற்றது. 1979 புரட்சியோடு உதிரிப்பாகம் நின்றது. ஒன்றைப் பிரித்து இன்னொன்றுக்குப் போட்டே வருடக்கணக்காகச் சமாளித்தார்கள். பின்னாளில் அமெரிக்கக் கடற்படை தன்னுடைய எஃப்-14 களுக்கு ஓய்வு கொடுத்தபோது, பாகங்கள் ஈரானுக்குக் கள்ளமாகப் போய்ச் சேரக் கூடாதென்று அவற்றை இயந்திரத்தால் துண்டு துண்டாக நறுக்கியது. இந்தோனேசியாவோ 1999 இல் கிழக்குத் திமோர் பிரச்சினையோடு அமெரிக்கத் தடைக்குள் அகப்பட்டு, எஃப்-16 களுக்குச் சாமான் இல்லாமல் தவித்தது. அந்த அனுபவத்தில் ரஷ்யாவிடம் சுகோய் வாங்கியது. பிறகு 2018 இல் 11 சுகோய்-35 களுக்கு ஒப்பந்தம் செய்தபோது, ரஷ்ய ஆயுதம் வாங்குவோருக்கு எதிரான அமெரிக்கச் சட்டம் குறுக்கே வந்தது. 2022 இல் 42 ரஃபேலில் போய் நின்றது.

ரஃபேலுக்கு இத்தனை நாடுகள் வரிசையில் நிற்பதற்குக் காரணமும் இதுவே. எஞ்சினையும் றேடாரையும் ஏவுகணைகளில் பலவற்றையும் பிரான்ஸே செய்கிறது. வாங்குகிறவர் பெரும்பாலும் ஒரு தலைநகரத்தோடு மட்டும் பேசினால் போதும். அப்படியிருந்தும், எகிப்து ரஃபேலுக்கு ஸ்கால்ப் ஏவுகணை கேட்டபோது அதற்குள் இருந்த ஒரு சின்ன அமெரிக்க மின்னணுச் சில்லினால் (சிப்) அது தடைப்பட்டது. கிரிப்பன் எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு. போர் வந்தால் விமானத்தளங்கள்தான் முதலில் அடிவாங்கும் என்று கணித்து, 800 மீற்றர் நெடுஞ்சாலைத் துண்டில் இறங்கி, ஒரு தொழில்நுட்பவியலாளரும் கட்டாய சேவையில் இருக்கிற ஐந்து இளைஞர்களும் பத்து நிமிடத்தில் எரிபொருளும் ஏவுகணையும் ஏற்றி அனுப்பும்படி சுவீடன் அதைச் செய்தது. கிபிர் வைத்திருந்த கொலம்பியா அவற்றுக்குப் பதிலாக 17 கிரிப்பன்களுக்கு 2025 இல் ஒப்பந்தம் செய்திருக்கிறது. ஆனால் கிரிப்பனின் எஞ்சின் அமெரிக்காவினுடையது. கிபிர்க் காலத்து நிபந்தனை பெயர் மாறித் தொடர்கிறது. சுகோய்-57 ஐப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. எண்ணிக்கை குறைவு, கூட்டாகச் செய்ய வந்த இந்தியாவே 2018 இல் விலகிவிட்டது. சீனாவின் ஜே-10சி அதைவிடக் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் ரஷ்ய எஞ்சினோடு தொடங்கிய அந்த விமானம் இன்று சீன எஞ்சினோடு பறக்கிறது. அந்த ஒரு மாற்றத்துக்குச் சீனாவுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

எஃப்-35 வேறு ஒரு உலகம். தொழில்நுட்பத்தில் அதற்குப் பக்கத்தில் நிற்க ஏற்றுமதிச் சந்தையில் ஒன்றுமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு விமானி தன் தலைக்கவசத்துக்குள் விமானத்தின் அடிப்பக்கத்தையும் ஊடுருவிப் பார்க்கிறார். மற்ற விமானங்களும் கப்பல்களும் பார்ப்பவை அவருடைய திரைக்கு வந்து சேர்கின்றன. அதற்கான விலையும் அப்படி. ஒரு மணிநேரம் பறக்க 30,000 டொலருக்கு மேலே போகும். அமெரிக்காவின் கணக்காய்வு அலுவலகமே, 2023 மார்ச்சில் எந்த நேரத்திலும் சுமார் 55 சதவீதமான எஃப்-35 கள்தான் பணிக்குத் தயாராக இருந்தன என்று எழுதியது. செய்தவருடைய வீட்டிலேயே அந்த நிலை என்றால் வாங்கியவருடைய வீட்டில் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். எதிரியின் றேடார்களை இனங்காண அதற்கு ஏற்றுகிற தரவுக் கோப்புகள் கூட அமெரிக்காவில் தயாராகின்றன. துருக்கி, எஃப்-35 க்குப் பாகங்கள் செய்து கொடுத்த பங்காளி நாடு. ரஷ்யாவிடம் எஸ்-400 வான்காப்பு ஏவுகணைகளை வாங்கியதும் 2019 ஜூலையில் திட்டத்திலிருந்து வெளியே போட்டார்கள். தூரத்திலிருந்து விமானத்தை நிறுத்துகிற ஒரு இரகசியப் பொத்தான் இருக்கிறதா என்று பலர் கேட்கிறார்கள். உதிரிப்பாகத்தையும் தரவையும் நிறுத்தினால் சில மாதங்களில் விமானம் தானாகவே நின்றுவிடும். பொத்தான் தேவையே இல்லை.

இந்த விவாதத்தில் எங்கள் சனத்துக்கு நேரடிப் பங்கும் உண்டு. சுவிற்சர்லாந்திலும் கனடாவிலும் இருக்கிற எங்கள் உறவுகள் கட்டுகிற வரியில்தான் அந்த நாடுகள் எஃப்-35 வாங்குகின்றன. சுவிஸில் அதை மக்களிடமே கேட்டார்கள். 2014 இல் கிரிப்பனை வேண்டாம் என்று 53 சதவீதத்துக்கு மேலானவர்கள் சொன்னார்கள். 2020 செப்டெம்பரில், எந்த விமானம் என்று சொல்லாமல், ஆறு பில்லியன் பிராங் செலவிடலாமா என்று மட்டும் கேட்டார்கள். 50.1 சதவீதம் ஆம். வித்தியாசம் 9,000 வாக்குகளுக்கும் குறைவு. அடுத்த வருடம் எஃப்-35 தெரிவானது. நிலையான விலை என்று அரசு மக்களுக்குச் சொல்லியிருந்தது. 2025 இல், அப்படியொரு நிலையான விலை இல்லை, கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று அமெரிக்கா சொன்னபோது பெர்னில் பெரிய குழப்பம். கனடா இன்னும் நீண்ட கதை. 2010 இல் 65 வாங்குவோம் என்று ஒரு அரசு அறிவித்தது. 2015 தேர்தலில் வாங்கமாட்டோம் என்று சொல்லி இன்னொரு கட்சி வென்றது. அதே கட்சியின் அரசு 2023 ஜனவரியில் 88 எஃப்-35 களுக்கு ஒப்பந்தம் செய்தது. இடையில் பழைய எஃப்-18 களை ஓட்டுவதற்காக ஒஸ்ரேலியா பாவித்து முடித்த எஃப்-18 களை வாங்கினார்கள். 19 பில்லியன் கனேடிய டொலர் என்று சொன்ன செலவு 27.7 பில்லியனாகிவிட்டது என்று 2025 இல் கணக்காய்வாளர் நாயகம் அறிக்கை வைத்தார். ரொறன்ரோவில் இருக்கிற என் மச்சான் இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தொலைபேசியை வைக்கமாட்டார். அவருக்கு அந்தக் கோபம் வருவது நியாயம்.

இந்தியாவின் கதையைப் பொறியியல் மாணவர் ஒருவர் கட்டாயம் படிக்க வேண்டும். 2007 இல் 126 விமானங்களுக்குக் கேள்விப்பத்திரம் (டெண்டர்) விட்டார்கள். ரஃபேல், டைபூன், கிரிப்பன், எஃப்-16, எஃப்-18, மிக்-35 என்று ஆறு போட்டியாளர்கள். லேயின் குளிரிலும் ராஜஸ்தான் வெயிலிலும் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். விலையை ஒப்பிடும்போது வாங்கும் விலையோடு நிற்காமல், விமானத்தின் ஆயுள் முழுவதும் ஆகும் செலவையும் கணக்கில் எடுத்தார்கள். கேள்விப்பத்திர வரலாற்றில் அது நல்ல முன்மாதிரி. 2012 இல் ரஃபேல் வென்றது. பிறகு, அவற்றில் 108 ஐ இந்தியாவில் பொருத்தும்போது அந்த வேலைக்கு உத்தரவாதம் யார் என்ற கேள்வியில் பேச்சு முறிந்துபோனது. 2016 இல் 36 ரஃபேல்களை நேரடியாக வாங்கினார்கள். கேள்விப்பத்திரம் விட்டு 13 வருடத்துக்குப் பிறகு, 2020 ஜூலையில், முதல் ஐந்தும் அம்பாலாவில் இறங்கின. இந்த வருடங்களுக்குள் பழைய விமானங்கள் கழிந்துகொண்டே இருந்தன. 2025 செப்டெம்பரில் மிக்-21 களுக்கும் விடை கொடுத்தபோது, 42 அணிகள் இருக்க வேண்டிய இடத்தில் 29 தான் மிஞ்சியது.

அதே வேளை, கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் சூலூரில் இருந்து பறக்கிற தேஜஸ் இந்தியாவே வடிவமைத்த விமானம். அதற்கென்று தொடங்கிய காவேரி எஞ்சின் கைகூடவில்லை. அமெரிக்க எஃப்404 ஐப் போட்டார்கள். 2021 இல் 83 தேஜஸ் மார்க்-1ஏ க்கும் 99 எஞ்சின்களுக்கும் ஒப்பந்தம் ஆனது. அந்தத் தொகுதியின் முதல் எஞ்சின் வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில். உடம்புகள் தயாராகி எஞ்சினுக்காகக் காத்து நின்றன. சொந்த விமானம் செய்த நாட்டுக்கும் எஞ்சின் விஷயத்தில் இதுதான் நிலை. நீங்கள் எந்தத் துறையில் மேற்படிப்புப் படிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், உயர்வெப்பக் கலப்புலோகங்களைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் பாருங்கள்.

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதியபோது எல்லாரும் இந்தியாவின் ரஃபேலா பாகிஸ்தானின் ஜே-10சியா என்று சண்டை பிடித்தார்கள். பாகிஸ்தான் பெரிய எண்களைச் சொன்னது. இந்தியாவின் முப்படைத் தலைமைத் தளபதி மே 31 அன்று சிங்கப்பூரில் இழப்பு இருந்ததை ஏற்றுக்கொண்டார், எண்ணிக்கை சொல்லவில்லை. எத்தனை விழுந்தன என்பதைவிட ஏன் விழுந்தன என்பதுதான் முக்கியம் என்றார். அவர் சொன்னது சரி. சீனாவின் பிஎல்-15 ஏவுகணையின் ஏற்றுமதி வகைக்கே 145 கிலோமீற்றர் தூரம் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்கு மேலே பறக்கிற ஒருவர் அநுராதபுரத்தை அண்டிப் பறக்கிற ஒருவரைச் சுடுவது போன்ற தூரம். அந்தத் தூரத்தில் எதிரியை யார் முதலில் கண்டது, கண்டதை எவ்வளவு விரைவாக மற்றவருக்கு அனுப்பியது என்பதில் பாதிச் சண்டை முடிந்துவிடும். அதற்கு வானில் நிற்கும் றேடார் விமானம் வேண்டும், தரவுத் தொடர்பு வேண்டும், தரையில் இருக்கிற றேடார்களும் அதோடு பேச வேண்டும். இவற்றில் ஒன்றும் இல்லாமல் திறமான போர் விமானத்தை மட்டும் வாங்கினால் அதிலிருந்து கிடைக்க வேண்டியதில் கால்வாசியும் கிடைக்காது.

நிலத்தில் நிற்கும்போது அழிவது இன்னொரு பக்கம். 2001 ஜூலை 24 கட்டுநாயக்க தாக்குதலில் கிபிர்களும் மிக்கும் தரையில்தான் எரிந்தன. 2025 ஜூன் 1 அன்று உக்ரைன், லொறிகளில் கொண்டுபோன சின்ன ட்ரோன்களால் ரஷ்யாவின் பெரிய குண்டுவீச்சு விமானங்களைத் தளங்களிலேயே அடித்தது. கொட்டகைக்கும் காவலுக்கும் விமானங்களைப் பிரித்து நிறுத்துவதற்கும் ஒதுக்குகிற காசை யாரும் படம் போட்டுக் காட்டமாட்டார்கள். ஆனால் அதுவும் விமானத்தின் விலையிலேயே சேர வேண்டும்.

இப்போது இலங்கை. இந்த இடத்தில் நான் நடுவில் நின்று பேசப் போவதில்லை.

எங்கள் ஊரில் பொம்மர், அதாவது குண்டு போடுகிற விமானம், என்றால் அது விற்பனைப் படத்தில் வருகிற பொருள் இல்லை. சுப்பர்சொனிக், புக்காரா, சகடை, கிபிர் என்று சத்தத்தை வைத்தே பிள்ளைகள் பிரித்துச் சொல்வார்கள். சத்தம் கேட்ட உடனே பங்கருக்குள் இறங்க எத்தனை நொடி இருக்கிறது என்பது அந்தப் பெயரில் இருந்தது. 1995 ஜூலை 9 அன்று நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அதன் சுற்றாடலிலும் அடைக்கலம் புகுந்திருந்த சனத்தின் மீது குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். போட்டது புக்காரா என்று கண்டவர்கள் சொன்னார்கள். ஆர்ஜென்டீனாவில் செய்த, விசிறி பூட்டிய, மெதுவான விமானம் அது. நான்காம் தலைமுறை, ஐந்தாம் தலைமுறை என்று பேசுகிறபோது எனக்கு அது நினைவுக்கு வரும். எந்த வேலைக்கு, யார் மீது, யாருடைய கட்டளையில் என்ற கேள்விதான் எந்த வாங்குதல் பட்டியலிலும் முதல் வரியாக இருக்க வேண்டும்.

அந்த முதல் வரியில் இலங்கை இன்று என்ன எழுத முடியும்? யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து 150 கிலோமீற்றரளவில் தஞ்சாவூர் இருக்கிறது. அங்கே 2020 ஜனவரியிலிருந்து பிரமோஸ் ஏவுகணை தாங்கும் சுகோய்-30 அணி நிற்கிறது. அதோடு போட்டி போடுகிற விமானப்படையை இலங்கை கட்டப் போவதில்லை, கட்டவும் வேண்டாம். கடல்தான் எங்கள் பெரிய வேலை. இந்த நாட்டின் நிலப்பரப்பு சுமார் 65,600 சதுர கிலோமீற்றர். பொருளாதாரக் கடல் வலயம் சுமார் 517,000. அதாவது எட்டு மடங்கு. பருத்தித்துறையிலும் மயிலிட்டியிலும் நம்முடைய மீனவர்கள் இரவில் விட்டு வந்த வலையைக் காலையில் போய்ப் பார்த்தால் இழுவைமடிப் படகு அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. அதைக் கண்டு படமெடுத்துப் பதிவு செய்ய மணிக்கணக்காக மெதுவாகப் பறக்கக்கூடிய கண்காணிப்பு விமானம் வேண்டும். 2022 ஓகஸ்டில் இந்தியா கொடுத்த டோர்னியர்-228 அந்த வகை. 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோதும் அப்படிப்பட்ட விமானம்தான் தேவைப்பட்டது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் 600 க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கூரைகளில் நின்ற சனத்தைத் தூக்கியது ஹெலிகள். உதவிக்குப் போன ஒரு பெல்-212 லுணுவிலவில் விழுந்து அதன் விமானியும் உயிர் விட்டார். பெல்-212 அரை நூற்றாண்டுக்கும் முந்தைய வடிவமைப்பு. புது விமானத்துக்குக் காசு இருந்தால் முதலில் அந்த விமானிகளுக்கு நல்ல ஹெலி வாங்கிக் கொடுக்க வேண்டும்.

போர் விமானம் இல்லாத நாடு நாடா என்று சிலர் கேட்பார்கள். நியூசிலாந்து ஒரு தீவு நாடு. வாடகைக்குப் பேசியிருந்த 28 எஃப்-16 களையும் வேண்டாமென்று விட்டு, 2001 இல் தன் போர் விமான அணிகளையே கலைத்தது. பின்னர் கடலைப் பார்க்க நான்கு பி-8 விமானங்களை வாங்கியது. பிலிப்பைன்ஸ் 2005 இல் கடைசி எஃப்-5 ஐ நிறுத்திய பிறகு பத்து வருடம் போர் ஜெற் இல்லாமலே இருந்து, 2015 இல்தான் தென்கொரியாவின் எஃப்ஏ-50 ஐக் கொண்டுவந்தது. இந்த இடைவெளியால் அந்த நாடுகள் அழிந்துபோகவில்லை. மறுபக்கம், பழையதைப் பிடித்து வைத்திருப்பதன் ஆபத்தும் கண்முன்னே இருக்கிறது. 2025 ஜூலை 21 அன்று டாக்காவில் வங்கதேச விமானப்படையின் எஃப்-7 ஒன்று பள்ளிக்கூடத்தின் மீது விழுந்து, பிள்ளைகள் உட்பட 30 க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மிக்-21 ஐப் பார்த்துச் சீனா செய்த அதே குடும்பத்து விமானத்தை இலங்கையும் வாங்கி ஓட்டியது. அவற்றையெல்லாம் வானில் வைத்திருக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அரசு எப்படியும் ஒன்றை வாங்கத்தான் போகிறது என்றால், எஃப்ஏ-50 அளவில் ஒரு சின்ன விமானம் போதும். பயிற்சிக்கும் பாவிக்கலாம், வான் எல்லையில் யார் வருகிறார்கள் என்று போய்ப் பார்க்கவும் பாவிக்கலாம். அதற்கும் அமெரிக்க எஃப்404 எஞ்சின்தான். இத்தாலியின் எம்-346 க்குப் போனாலும் அமெரிக்க எஞ்சின், சீனாவின் எல்-15 இன் ஏற்றுமதி வகைக்கு உக்ரைன் எஞ்சின், பாகிஸ்தானின் ஜேஎஃப்-17 க்கு ரஷ்ய எஞ்சின். யாரிடம் போனாலும் இரண்டு தலைநகரங்களின் சம்மதம் தேவை. எந்த இரண்டு என்பதைத்தான் நீங்கள் தெரிவு செய்யலாம்.

எண்ணிக்கையில் பன்னிரண்டுக்குக் குறையக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு பராமரிப்பில் நிற்கும், இன்னொரு பங்கு பயிற்சியில் இருக்கும். மிச்சம் நான்குதான் கூப்பிட்ட நேரத்துக்குக் கிளம்பும். நேட்டோ நாடுகள் ஒரு விமானிக்கு வருடத்துக்கு 180 மணிநேரத்தை அளவுகோலாக வைத்திருக்கின்றன. இங்கே ஒரு விமானத்துக்கு 150 மணிநேரம் என்றும், மணிக்கு 10,000 டொலர் என்றும் குறைத்தே வைத்துக்கொண்டாலும், பன்னிரண்டுக்கும் வருடச் செலவு 18 மில்லியன் டொலர். இருபது வருடத்துக்கு 360 மில்லியன். வாங்கும் விலை அதற்கு வெளியே. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முதல், அந்த 360 மில்லியனை எந்த அமைச்சின் ஒதுக்கீட்டிலிருந்து வெட்டப் போகிறார்கள் என்று நாடாளுமன்றத்தில் எழுத்தில் வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வடக்கிலிருந்து போகிற உறுப்பினர்களும் இதைக் கேட்கலாம். அந்தக் காசில் பலாலி ஓடுபாதையும் வரும், யாழ் போதனா வைத்தியசாலையும் வரும்.